பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாக ‘நேரடி நியமனம்’: தேர்வே இல்லாமல் கிடைக்குமா?

வேலந்தாவளத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோவை எல்லையை ஒட்டிய சிற்றூரில் வசிக்கிறேன். வயது 37. பத்தாம் வகுப்பு வரை கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படித்துவிட்டு, எல்லை தாண்டிக் கோவையில் வணிகவியல் பட்டம் பெற்றேன். கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இருபத்து மூன்று வயதில் ராணுவத்துக்கு முயல வேண்டும் என்று இருந்த நேரத்தில் அப்பா தவறிவிட்டார்; வீட்டுப் பொறுப்பு என் மேல் விழுந்தது; கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

2025 ஜூன் மாதம் அமெரிக்காவில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைச் சேர்ந்த நான்கு பேரை அந்நாட்டு ராணுவத்தின் ரிசர்வ் படையில் நேரடியாக லெப்டினன்ட் கர்னலாக நியமித்த செய்தியைப் படித்தபோது பழைய ஆசை மீண்டும் தலைதூக்கியது. நம் நாட்டில் அதுபோன்ற வழி உண்டா என்று விசாரித்தபோது, வேறு வேலையில் இருந்துகொண்டே பணியாற்றும் பிராந்திய ராணுவம் (டெரிடோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ.) பற்றித் தெரியவந்தது. பக்கத்து நகரத்தில் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர், “பிராந்திய ராணுவத்தில் நேரடி நியமனம் இருக்கிறது, தேர்வெல்லாம் பெயரளவுக்குத்தான், இரண்டரை லட்சம் ஆகும், முன்பணமாக இருபத்தைந்தாயிரம் கொடுங்கள்” என்றார். என் சித்தப்பா மகன் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். நான் இன்னும் கொடுக்கவில்லை.

வங்கி வேலையை விடாமலே இதில் அதிகாரியாக முடியுமா, ‘நேரடி’ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன, ஆண்டுக்கு எத்தனை நாள் போக வேண்டியிருக்கும், என்னைப் போல் இரண்டு மாநிலச் சான்றிதழ்களை வைத்திருப்பவருக்குச் சிக்கல் வருமா என்பதையெல்லாம் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஓய்வுபெற்ற டி.ஏ. மேஜர், கோவை

தம்பி, முதலில் அந்த இருபத்தைந்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் சித்தப்பா மகன் கொடுத்ததற்கு ரசீது ஏதாவது இருக்குமானால் அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். இந்த வழியில் அரசு கேட்கும் பணம் விண்ணப்பக் கட்டணமான 500 ரூபாய் மட்டுமே.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘நேரடி நியமனம்’ என்பது முழுப் பொய் இல்லை. அதனால்தான் தரகர்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள். முழுநேர ராணுவத்தில் ஒரு பட்டதாரி அதிகாரியாக வேண்டுமானால், டேராடூனில் ஒன்றரை ஆண்டோ, நம் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 49 வாரங்களோ பயிற்சி முடித்த பிறகுதான் தோளில் நட்சத்திரம் ஏறும். பிராந்திய ராணுவத்தில் வரிசை தலைகீழ். தேர்ந்தெடுக்கப்பட்டவுடன் லெப்டினன்ட் பதவி கிடைத்துவிடும். பயிற்சி அதற்குப் பிறகுதான். முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, முதல் ஆண்டு உட்பட ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் பரங்கிமலையில் மூன்று மாதப் பயிற்சி. நேராகப் பதவிக்குள் போகிறீர்கள் என்ற அளவில் அது நேரடிதான். தேர்வைத் தாண்டிக் குதிக்கலாம் என்ற பொருள் அதற்கு ஒருநாளும் கிடையாது. எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு உள்ளவர்கள், முன்பு முப்படைகளில் அதிகாரியாக இருந்து வெளியே வந்தவர்கள் மட்டுமே.

நீங்கள் குறிப்பிட்ட அமெரிக்க முறை வேறு. அங்கே மருத்துவர், வழக்கறிஞர், மதகுரு போன்றவர்களைத் தொழில் தகுதியின் பேரில் நேரே அதிகாரியாக்கிச் சிறிது காலப் பயிற்சி கொடுப்பது நெடுநாள் வழக்கம். நம்முடைய படை வேறொரு எண்ணத்தில் பிறந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய தலைமை ஆளுநர் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்டது (ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இன்னோர் எல்லைக்காரர்!). வேறு வேலையில் இருக்கும் குடிமகன் ஆண்டில் சில வாரங்கள் சீருடை அணிந்து தயாராக இருக்க வேண்டும், தேவை வரும்போது முழுநேரப் படைக்குத் தோள்கொடுக்க வேண்டும், தேவை தீர்ந்ததும் தன் வேலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆகையால் விண்ணப்பிப்பவருக்கு வருமானம் தரும் வேலையோ சொந்தத் தொழிலோ இருந்தாக வேண்டும். வேலை இல்லாதவருக்கு இதில் இடமில்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வயது விண்ணப்பிக்கும் நாளில் 18 முதல் 42 வரை, பட்டம் கட்டாயம், இப்போது முப்படைகளிலோ காவல்துறையிலோ துணை ராணுவத்திலோ பணியில் இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் வயதும் படிப்பும் வேலையும் பொருந்துகின்றன.

படிகள் இவை: தருக்கம், தொடக்கநிலைக் கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் ஆகியவற்றில் இரண்டு மணி நேரக் கொள்குறித் தேர்வு, அதில் தேறினால், நம் தென்பகுதியினருக்குப் புனேயில் உள்ள பிராந்திய ராணுவக் குழுமத் தலைமையகத்தின் முதல்நிலை நேர்முகக் குழு, அதைக் கடந்தால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. (உளவியல் சோதனை, குழுப் பணி, நேர்முகம் வழியாக அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு); பிறகு ராணுவ மருத்துவமனையில் உடற்சோதனை, காவல்துறைச் சரிபார்ப்பு. இத்தனையும் தாண்டினாலும் இருக்கும் இடங்களுக்குத்தான் ஆள் எடுப்பார்கள். 2025ஆம் ஆண்டு அறிவிப்பில் நாடு முழுவதற்கும் 19 இடங்கள். ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 1. பத்தொன்பது இடத்தில் ஒன்றை ஒருவர் இரண்டரை லட்சத்துக்கு விற்கிறார் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், வங்கியில் இருக்கிறீர்கள்.

சம்பளம், முழுநேர அதிகாரிக்கு உள்ளதேதான். லெப்டினன்ட்டுக்கு அடிப்படை 56,100 ரூபாய், அதன் மேல் ராணுவப் பணிக்கான 15,500, பிற படிகள். ஆனால் பயிற்சியிலோ அழைப்பிலோ இருக்கும் நாட்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். அழைக்கப்படுவதை எங்கள் பேச்சில் ‘எம்பாடி ஆவது’ என்போம். அப்படி அழைப்பில் கழிந்த காலம் இருபது ஆண்டுகளை எட்டினால்தான் அதிகாரிக்கு ஓய்வூதியம். அது எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்க்கவில்லை.

எத்தனை நாள் போக வேண்டும் என்று கேட்டீர்கள். தாளில் இரண்டு மாதம்தான். நடப்பில் உங்கள் பட்டாலியன் அழைக்கப்பட்டால் இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ வீட்டை விட்டு இருக்க வேண்டும். 2025 மே மாதம் வெளியான அரசாணையில், இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐ அழைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தரப்பட்டு, அதன் காலம் 2028 பிப்ரவரி வரை வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். 1962, 1965, 1971 போர்களிலும் இலங்கையிலும் இந்தப் படையினர் இருந்திருக்கிறார்கள். ‘பகுதிநேரம்’ என்ற சொல்லை வைத்து, ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு என்று எண்ணிவிடாதீர்கள்.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். நான் நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தபோது, முப்பத்து நான்கு வயதில் இந்தப் படைக்கு வந்தேன். முதல் முகாமில் தோளில் இரண்டு புது நட்சத்திரங்களோடு நின்றேன். இருபத்து நான்கு ஆண்டு பணி முடித்த சுபேதார் எனக்குச் சல்யூட் அடித்தார். அன்று பிற்பகல் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் வகுப்பு. ஆலையில் நூற்பு எந்திரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிறவன் நான். ஆனால் இங்கே பூட்டி முடித்தபோது ஒரு சிறிய சுருள்வில் தரைவிரிப்பின் மேல் மிஞ்சிக் கிடந்தது. வகுப்பெடுத்த ஹவில்தார், ஊரில் தேநீர்க்கடை வைத்திருப்பவர், ஒன்றும் சொல்லாமல் அதைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, “சார், இன்னொரு முறை போடலாமா?” என்றார். பதவி நேரடியாக வந்துவிடும். அந்தச் சுபேதாரும் ஹவில்தாரும் உங்களை மனத்தளவில் ஏற்றுக்கொள்ள மூன்று நான்கு முகாம்கள் ஆகும்.

இன்னொரு பக்கம் வேலை செய்யும் இடம். அழைப்பு முடிந்து திரும்பும் ஊழியரை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரண்டாம் அழைப்பு முடிந்து ஆலைக்குப் போனபோது என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். சட்டத்தைக் காட்டினேன், வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் என் பிரிவு கிடைக்கவில்லை, பதவி உயர்வு நான்கு ஆண்டு தள்ளிப்போனது. சட்டம் வேலையைக் காக்கும். மேலாளரின் முகத்தை அது மாற்றாது. ஆகவே விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால் உங்கள் வங்கிச் செயலாளரிடமும், அதற்கும் முன்னால் வீட்டிலும் பேசிவிடுங்கள்.

---

கள்ளுக்கடை முக்கு

எதற்கு இவ்வளவு பாடு? திரைப்பட நடிகருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் ஒரு தேர்வும் இல்லாமல் லெப்டினன்ட் கர்னல் பதவி கொடுத்தார்களே, அது நேரடி நியமனம் இல்லாமல் வேறென்ன? பணமும் புகழும் உள்ளவனுக்கு ஒரு வழி, கூட்டுறவு வங்கி எழுத்தருக்கு ஒரு வழி என்பதுதான் நடப்பு.

---

ஓய்வுபெற்ற டி.ஏ. மேஜர், கோவை

அது கௌரவப் பதவி. கபில்தேவுக்கு 2008இலும், மோகன்லாலுக்கு 2009இலும், தோனிக்கு 2011இலும் கொடுத்தார்கள். இளைஞர்களின் கண் இந்தப் படையின் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அதன் நோக்கம். கௌரவப் பதவியை வைத்துக் கட்டளை அதிகாரியாக முடியாது. அதே நேரத்தில், 2012இல் மத்திய அமைச்சராக இருந்த சச்சின் பைலட் இந்தப் படையில் லெப்டினன்டாகத்தான் சேர்ந்தார், லெப்டினன்ட் கர்னலாக இல்லை என்பதையும் கவனியுங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோது மோகன்லால் இணைந்துள்ள அதே 122ஆம் பட்டாலியன் மீட்புப் பணிக்குப் போனது. நான்கு நாள் கழித்து அவர் சீருடையில் வந்தது எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. அதற்கு முன் சேற்றில் இறங்கியவர்களின் முகம் ஒன்றிலும் வரவில்லை. உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் அந்த வழியையும் தம்பி கேட்ட வழியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

சித்தூர் விரிவுரையாளர்

அண்ணா, நான் எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகக் குழுவையும் கடந்து, எஸ்.எஸ்.பி.யின் ஐந்தாம் நாள் மாலை பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவள். வெற்றி பெற்றவர்கள் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகையில் இருப்பார்கள். தோற்றவள் சொல்வதும் உங்களுக்குப் பயன்படக்கூடும்.

பெண்களுக்கு இந்த வாசல் திறந்தே அதிக காலம் ஆகவில்லை. எண்ணெய் நிறுவன ஊழியர்களுக்கான பிரிவில் 2016இல் ஒரு பெண் அதிகாரி ஆனார். காலாட்படைப் பிரிவுகளில் சேர்க்க மறுத்து வந்ததை எதிர்த்த வழக்கில் 2018 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் அறிவிப்புகளில் எங்களுக்கும் இடம் வந்தது. இடம் என்றால் நாட்டுக்கே ஒன்று. அந்த ஒன்றுக்குத்தான் நானும் போனேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் 40 விழுக்காடும் மொத்தத்தில் 50 விழுக்காடும் வேண்டும். வங்கித் தேர்வுக்குப் படித்தவருக்கு அது புதிதாக இருக்காது. நம்மைப் போன்றவர்களுக்குக் கடினமானது எஸ்.எஸ்.பி.யின் இரண்டாம் நாள். திரையில் ஒரு சொல் தோன்றும். பதினைந்து நொடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி அறுபது சொற்கள், நடுவில் இடைவெளியே கிடையாது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்று வாழும் எனக்கு, முதல் இருபது சொற்களுக்கு மனம் தமிழில் எழுதியதைக் கை ஆங்கிலமாக்குவதற்குள் அடுத்த சொல் வந்துவிட்டது. ஏழெட்டு இடங்கள் வெற்றாகப் போயின.

இடையில் ‘எல்லை’ என்ற பொருள்படும் சொல் வந்தது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எல்லையைக் காப்பது பற்றி எழுதியிருப்பார்கள் என்பது பின்னால் பேசியபோது தெரிந்தது. நானோ, காலைப் பேருந்து பால்கேன்களோடு எல்லையைக் கடக்கிறது என்று எழுதியிருந்தேன். நமக்கு எல்லை என்றால் சோதனைச்சாவடியும் டீக்கடையும்தானே! நேர்முகத்தின்போது அதிகாரி எங்கள் ஊரைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்: ஆழியாறு நீர்ப் பங்கீடு, மாநில மாற்றத்தால் சான்றிதழ்களில் வரும் தொல்லை, தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை. ஐந்து நாளில் எனக்கு மிகவும் எளிதாக இருந்த அரை மணி அது. படித்து ஒப்பித்த பதிலை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். வாழ்ந்த பதிலைக் கேட்டால் மேலும் கேட்கிறார்கள்.

நான் விழுந்த இடம் குழுப் பணி. பலகை, கயிறு, பீப்பாய் மூன்றையும் வைத்துத் தரையில் கால்படாமல் ஒரு சுமையைக் கடத்த வேண்டும். எனக்கு வழி தெரிந்தது. மற்றவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததால் சொல்லாமல் நின்றேன். நான்கு நிமிடம் கழித்து வேறொருத்தி அதே வழியைச் சொன்னாள். மதிப்பீட்டு அதிகாரி குறித்துக்கொண்டது அவளுடைய மார்பு எண்ணை. பதினோரு ஆண்டு வங்கி முகப்பில் உட்கார்ந்து, கூட்டத்தைச் சமாளித்துப் பழகிய உங்களுக்கு அந்தத் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன். உடற்பயிற்சியை இன்றே தொடங்குங்கள். பத்துத் தடைகளை மூன்று நிமிடத்தில் கடக்க வேண்டும் என்றால், முப்பத்தேழு வயது முழங்கால் முன்கூட்டியே பழக வேண்டும்.

---

முன்னாள் ஹவில்தார், கொழிஞ்சாம்பாறை

தம்பி கேட்ட சான்றிதழ் விஷயத்துக்கு யாரும் விடை சொல்லவில்லை. இந்தப் பகுதிப் பையன்கள் மாட்டிக்கொள்வதே அங்கேதான்.

கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் வீட்டுப் பெயரின் எழுத்தும் அப்பா பெயரின் எழுத்தும் வரும். கோவைக் கல்லூரியில் சேர்க்கும்போது அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் போட்டிருப்பார்கள். ஆதாரில் வேறு மாதிரி, பான் அட்டையில் அப்பா பெயரே முழுதாக. நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கோப்பைப் பார்க்கிறவருக்கு நான்கு ஆள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழில் உள்ள வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரமும், தேவைப்பட்டால் அரசிதழ் அறிவிப்பும் கையில் இருக்கட்டும். கூப்பிட்ட பிறகு ஓடினால் இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் அலைவதிலேயே நாள் போய்விடும்.

எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த மாநிலக் காவல்துறைதான் சரிபார்க்கும். கோவையில் ஒரு முகவரி, இங்கே ஒரு முகவரி என்று இரண்டையும் கொடுத்து வைக்காதீர்கள்.

இன்னொன்று. கோவையில் ரெட் ஃபீல்ட்ஸில் இருக்கும் 110ஆம் பட்டாலியனுக்கு ஆள் எடுக்கும் முகாம் வேறு, அதிகாரித் தேர்வு வேறு. 2024 நவம்பரில் நடந்த முகாமுக்குப் பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து சாலையோரம் படுத்திருந்தார்கள். அது சிப்பாய்ப் பணிக்கு. தரகன் அந்த முகாமின் புகைப்படத்தைக் காட்டித்தான் பணம் வாங்குவான். உங்கள் சித்தப்பா மகனிடம் என்ன படத்தைக் காட்டினான் என்று கேட்டுப் பாருங்கள்.

---

வேலந்தாவளத்தான்

அனைவருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயா சொன்னது அப்படியே சரி. சித்தப்பா மகனின் கைப்பேசியில் இருந்தது மைதானத்தில் பையன்கள் ஓடும் படம்தான். ரசீது இல்லை, ஆனால் பணம் கைப்பேசி வழியாக அனுப்பப்பட்டிருப்பதால் அந்தப் பதிவை வைத்து நேற்றுப் புகார் கொடுத்துவிட்டோம்.

என் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு ஆள் இல்லை, மூன்று ஆள். பான் அட்டையைத் திருத்த விண்ணப்பித்திருக்கிறேன்.

வீட்டில் பேசினேன். மனைவி, “இரண்டு மாதம் என்றால் சரி, மூன்று ஆண்டு என்றால் அப்போது உட்கார்ந்து பேசலாம்” என்றாள். மேஜர் ஐயாவின் பதிலை முழுதாகப் படித்துக் காட்டிய பிறகு சொன்னது இது, ஆகையால் இதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். வங்கிச் செயலாளரிடம் ஆட்சேபணை இல்லாச் சான்றுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “நகைக்கடன் பெட்டகத்தின் இரண்டாவது சாவி உன்னிடம் இருக்கிறது. நீ போனால் அதை யார் வைத்துக்கொள்வது?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

---

ஓய்வுபெற்ற டி.ஏ. மேஜர், கோவை

தம்பி, செயலாளர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். புனேயில் நேர்முகக் குழுவும் ஏறக்குறைய அதையேதான் கேட்கும். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் அந்தச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்து, அந்த ஆளைப் பழக்கி, ஒரு வாரம் விடுப்பில் போய்ப் பாருங்கள். நீங்கள் இல்லாமல் பெட்டகம் வேளைக்குத் திறந்தால் சான்று தானாகக் கையெழுத்தாகிவிடும்.